தோளில் ஒரு துண்டு
(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோளில் துண்டு போடுவதற்கு நாம் என்ன விலை கொடுத்தோம் என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளரைப் பற்றி. ஆட்டம் நடக்கும்போது கோட்டு சூட்டுக்கு மேலேயே ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும் அவர் தோளில். வீட்டு வேலை செய்யும்போது அம்மா அப்படித்தான் போட்டிருப்பாராம். ஆறடி பத்து அங்குல உயரம். ஜான் தாம்ப்சன், அமெரிக்கக் கறுப்பர். 2020இல் காலமானார்.

1941இல் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசிக்கத் திணறிய பையனை மந்தபுத்தி என்று ஒதுக்கினார்கள். கூடைப்பந்துதான் அவனைப் பிராவிடன்ஸ் கல்லூரிக்குக் கொண்டுபோனது. பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் இரண்டு வருஷம், பில் ரஸ்ஸலுக்கு மாற்று ஆட்டக்காரர். பெரும்பாலும் பெஞ்சுதான். கதை அதுக்கப்புறம்.

1972இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் அழைக்கிறது. முந்தின பருவத்தில் அந்த அணிக்கு 3 வெற்றி, 23 தோல்வி. அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகணும். 1838இல் அதை நடத்திய ஜேசு சபையார் கடனை அடைக்க 272 கறுப்பு அடிமைகளை, குழந்தைகள் உட்பட, விற்றார்கள். அந்த வளாகத்துக்குள்தான் இவர் கறுப்பு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போகிறார். 1975இல் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது அரங்கில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். தாம்ப்சன் வெளியேறணும் என்று எழுதி, நிறத்தை இழிவு செய்யும் அந்தச் சொல்லையும் சேர்த்திருந்தார்கள். அவர் போகவில்லை. 1999 வரை இருந்தார், 596 வெற்றி.

அணியின் படிப்பைக் கவனிக்கவே மேரி ஃபென்லன் என்ற முன்னாள் கன்னியாஸ்திரியைக் கூட வைத்திருந்தார். அவர் மேசைமேல் காற்றுப்போன பந்து ஒன்று இருக்கும். பந்தில் காற்று இறங்கின பிறகு என்ன செய்வாய் என்பதுதான் பையன்களிடம் அவர் கேட்ட கேள்வி. நான்கு வருஷமும் தங்கி ஆடியவர்களில் 97 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள்.

1984இல் ஹூஸ்டனை 84-75 என்று வென்று தேசியப் பட்டம். பட்டம் வென்ற முதல் கறுப்புப் பயிற்சியாளர் என்று பத்திரிகைக்காரர்கள் கொண்டாட வந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு முந்தியவர்களுக்குத் திறமை இல்லை என்றா ஆகிறது, வாய்ப்புதானே இல்லை என்பது அவர் வாதம். 'முதல்' என்ற பட்டத்தை வாங்கி மாட்டிக்கொள்ளும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1989 ஜனவரியில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 42ஆம் முன்மொழிவை நிறைவேற்றியது. நுழைவுத் தேர்வில் 700 மதிப்பெண்ணும் பள்ளியில் குறிப்பிட்ட சராசரியும் இல்லாதவனுக்கு முதல் வருஷம் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அதுவரை ஆடத்தான் தடை, படிக்கப் பணம் கிடைத்தது. தகுதி, தரம் — நாம கேட்டுப் புளித்த வார்த்தைகள்தான். ஏழைக் கறுப்பு வீட்டுப் பையனுக்குத்தான் அடி என்று தாம்ப்சன் சொன்னார். ஜனவரி 14, பாஸ்டன் கல்லூரியுடன் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் எழுந்து அரங்கத்தை விட்டு நடந்தார். அடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை.

எல்லாக் கறுப்பரும் அவர் பக்கம் நிற்கவில்லை. டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், நம் பிள்ளைகளும் தரத்தை எட்டட்டும் என்று விதியை ஆதரித்தார். ஆஷை எளிதில் ஒதுக்க முடியாது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவை எதிர்த்த மனிதர். ஆனால் மந்தபுத்தி என்று பெயர் வாங்கிய சிறுவனுக்குத்தான் தெரியும், அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று.

1990இல் சங்கம் விதியைத் தளர்த்தியது. குடும்ப வறுமையைக் காட்டி அந்த மாணவர்கள் கல்லூரியின் உதவியைப் பெறலாம் என்றானது.