பெட்டியில் வந்த இழை

(ஆண்டு விழாவில் மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



மொழியையும் நாட்டையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில், சமையலறை அலமாரியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொறுத்தருள வேண்டுகிறேன். அவ்வலமாரியில் சேமியாவுக்கு அருகே இன்று பாஸ்தாப் பெட்டியும் குடியேறிவிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் அது இல்லாத மளிகைக் கடை அரிது. அப்பெட்டியால் எங்கள் இல்லத்தில் ஒரு மனத்தாங்கல் நேர்ந்தது.

என் மருமகள் காலை ஏழு மணிக்கெல்லாம் மின்சார ரயிலைப் பிடிப்பவள். ஒருநாள் குழந்தைகளின் டிபன் டப்பாவில் பாஸ்தாவை வைத்தாள். "சேவை பிழிந்து பிள்ளைகளை வளர்த்த வீட்டில் பெட்டிச் சோறா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. கண்கலங்கியபடியே வெளியேறினாள். அன்று பகல் முழுதும் எனக்கு உணவு செல்லவில்லை. அந்தப் பெட்டியைக் கையிலெடுத்துச் சிந்திக்கத் தொடங்கினேன். சில நூல்களையும் புரட்டினேன்.

இழையாக அமைந்த உணவு நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், அப்பம் சுடும் கூவியர் செய்த இழை சூழ்ந்த வட்டம் பாலில் கிடப்பது உவமையாக வருகின்றது. ஆனால் நம் இடியாப்பம் பிழிந்த அன்றே உண்ணத்தக்கது. உலர்ந்த கோதுமை இழையோ மாதக்கணக்கில் காத்திருக்கும். 1154-இல் அல் இத்ரீசி என்னும் அரபு அறிஞர், சிசிலித் தீவின் திரபியா என்னும் ஊரில் இவ்வுணவு மிகுதியாகச் செய்யப்பெற்றுக் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்வதை எழுதினார். உலர்ந்த பாஸ்தாவில் ஈரம் நூற்றுக்கு 12.5 பங்குக்கு மேற்படலாகாது என்பது இத்தாலியின் விதி. கெடாமல் இருப்பதன் சூட்சுமம் அதுவே. ஊர்விட்டு ஊர் செல்வோருக்கு ஏற்ற உணவு அது. ஊர்விட்டு வந்த நமக்கு அது எப்படி அந்நியமாகும்?

1943-இல் அன்றைய பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தபோது, அரிசியுண்டு வளர்ந்த நம் முன்னோர் கோதுமையோடும் பழகினர். திண்டுக்கல்லிலிருந்து வரும் அணில் சேமியாவும் கடையில் வாங்குவதே. ரம்ஜான் நாளில் இஸ்லாமியச் சகோதரிகள் அன்புடன் அனுப்பும் ஷீர் குர்மாவில் மிதப்பதும் கோதுமை இழையே. இவற்றை ஏற்ற நாம் பாஸ்தாவுக்கு மட்டும் கதவடைப்பது நியாயமா?

எனினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். டூரம் என்னும் கடுங்கோதுமை ரவையாற் செய்ததே நன்று. நம் கடைகளில் பன்சி ரவை என்று விற்பது அக்கோதுமையின் ரவையே. மைதாவாற் செய்தது எளிதில் குழைந்துவிடும். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் நீர் வைத்து, நன்கு கொதித்தபின் இடுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். மாவுப் பண்டம் மட்டும் குழந்தைக்குப் போதாது. பட்டாணி, பீன்ஸ், காரட் சேர்த்தல் வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் இத்தாலியர் நம்மீது வழக்குத் தொடரமாட்டார்!

அன்று மாலை மருமகள் திரும்பியபோது, நானே அவ்வாறு தாளித்து வைத்திருந்தேன். ஒரு வாய் உண்டவள், "உப்புக் குறைவு, அம்மா" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். ஞாயிறுதோறும் பரணிலிருந்து சேவை நாழியை இறக்குவதென்றும் முடிவாயிற்று. இப்போது அதன் கைப்பிடியைத் திருகுபவன் என் மகன்!

தாய்மார்களே! விடியலில் எழுந்து ஓடும் பெண்ணுக்கு அந்தப் பெட்டி அரைமணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதனைக் குறையாகக் கருதாதீர்கள். பெட்டியும் இருக்கட்டும், நாழியும் துருப்பிடியாதிருக்கட்டும். உணவின் பெயரால் ஒரு பெண்ணின் கண் கலங்காதிருப்பதே நம் இல்லங்களுக்கு அழகு.