தலையில் பட்ட அடிக்கு மதிப்பெண்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியனாகப் பணியாற்றிய நான் இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். தலையில் அடிபட்ட பிள்ளையின் நிலையை எப்படி அளப்பது?

நம் காலத்தில் விரலைக் காட்டி, "இது எத்தனைடா?" என்பார்கள். "ரெண்டு சார்" என்று சொல்லிவிட்டால் போதும். "ஒண்ணுமில்ல, போய் ஆடு!"

அந்த 'ஒண்ணுமில்ல' எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சிறுவன் ஜாக்கரி லிஸ்டெட் சாட்சி. 2006-இல், 13 வயதில், பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதியில் தலையில் அடிபட்டது. இரண்டாம் பாதியில் மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் இரத்தக்கசிவு. மறுபடி பேசவே பல மாதங்கள் ஆயின. 2009-இல் அவன் பெயரால் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். தகுதி பெற்ற மருத்துவத் துறையினர் எழுதித் தந்தால்தான் மீண்டும் சேர்க்கலாம்.

"ஸ்கேன் எடுத்தால் தெரியாதா சார்?" என்பீர்கள். சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு தெரியும். கன்கஷன் பெரும்பாலும் தெரியாது. பலருக்கு நினைவும் தப்புவதில்லை. ஆகவே பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

அதற்காக 2005-இல் வந்தது 'ஸ்காட்' என்னும் படிவம். அதன் ஆறாம் பதிப்பு 2023-இல் வெளியாயிற்று. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுதல், மறதி, எரிச்சல் என்று 22 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண், மொத்தம் 132. கூடவே மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சோதனைகளும் உண்டு.

இதில் இரண்டு சிக்கல்கள். பரீட்சைக்கு விடிய விடியப் படித்தவனுக்கும் தலைவலி, எரிச்சல் இருக்கும். அதனால் சீசன் தொடங்குமுன், நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அளந்து வைத்தால் ஒப்பிட உதவும். அடுத்தது, பைனல் அன்றைக்கு எந்தப் பையன் "தலை வலிக்குது சார்" என்பான்? டீமை விட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவான். பிள்ளை மறைத்துவிட்டால், படிவம் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

பயிற்சியாளர்களே, "உண்மையைச் சொன்னால் உன் இடம் போகாது" என்று டீம் முன்னால் சொல்லுங்கள். தம்பிகளே, கூட ஆடுகிறவன் தடுமாறினால் நீங்கள் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் படிவத்தைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம் சங்கத்து டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படிவத்தை மருத்துவத் துறையினர்தான் கையாள வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மைதானத்துக்கு வந்து, நம் வீரர்களை அளந்து கொடுங்கள். கோப்பை கொடுக்க நிறையப் பேர் இருக்கிறோம். இந்த ஒரு நாளை நீங்கள்தான் கொடுக்க முடியும்.