வழி வினவிச் செல்லும் வழிபாடு



திருத்தலப் பயணம் மேற்கொள்வோர், அத்தலத்து வாழ்வாரிடம் வழியும் பொழுதும் நிலத்தின் இயல்பும் வினவிச் செல்லுதல் நம் நாட்டின் தொன்னெறியாகும். ‘திருவருள் துணையிருக்கையில் பிறரை வினவுதல் எற்றுக்கு?’ என்பாரும் உளர். வினவுதல் பத்திக்குக் குறைவன்று என்பதைக் கொங்குநாட்டு நிகழ்ச்சி ஒன்றே நிலைநாட்டும்.

சென்று பயன்பெற்றவன் செல்லவிருப்பவனை நெறிப்படுத்துதலை, ஆற்றுப்படை என்னும் தனி நூல்வகையாகவே தமிழர் போற்றினர். நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை பத்துப்பாட்டின் முதற்கண் நிற்பதோடு, பதினோராந் திருமுறையிலும் இடம்பெற்றுள்ளது. வழி கூறுதல் அருட்செயல் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஏழாம் நூற்றாண்டில் சோழநாட்டினின்றும் அடியார் திருக்கூட்டத்தோடு போந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார், கொடிமாடச் செங்குன்றூர் என அந்நாளில் வழங்கிய திருச்செங்கோட்டை வழிபட்டார். திருநணா எனப்பெறும் பவானிக்குச் சென்று, மீண்டும் செங்குன்றூர் அடைந்து தங்கினார். அக்காலை பனிப்பருவம் வந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அதனைக் கேட்ட பிள்ளையார், அது அந்நிலத்தின் இயல்பு என்பதை மறுத்தாரில்லை. இயல்பேயாயினும் அடியாரை அது நலிதலாகாது என்று திருவுளங்கொண்டு, திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் திருப்பதிகம் அருளினார். பிணி அகன்றது. அடியார்க்கு மட்டுமன்றி, அந்நாட்டில் வாழ்வோர்க்கும் அது நீங்கிற்று என்பர் சேக்கிழார் பெருமான்.

இதனால் பெறப்படும் உண்மைகள் இரண்டு. நிலத்தின் இயல்பை அறிதல் பத்திக்கு மாறன்று என்பது ஒன்று. வந்தவர் வழிபாட்டின் பயன் இருந்தவரையும் சாரும் என்பது மற்றொன்று. ஆகவே, வினவுவாரும் விடை கூறுவாரும் ஓர் அறத்திற்கே பங்காளர் ஆகின்றனர்.

இன்றும் இந்நிலம் தன் இயல்பினின்றும் மாறியதன்று. திருச்செங்கோட்டு மலைக்கு 1,200-க்கு மேற்பட்ட படிகள் உள. வண்டி செல்லும் பாதையும் உண்டு. பங்குனி வெயிலில் நண்பகலிற் படியேறத் துணியும் முதியோரை, ‘விடியலில் ஏறுங்கள், இயலாதேல் வண்டியிற் செல்லுங்கள்’ என்று தடுக்க வல்லவர் அடிவாரத்துப் பூக்காரரே. கொல்லிமலை அறப்பள்ளீசுவரரைக் காணச் செல்லும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள. அங்கே ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குதல் எளிது. மீண்டு ஏறுதலே அரிது. இதனை மலைவாழ் மக்கள் முன்கூட்டியே சொல்வர். பவானிக் கூடுதுறையிலோ எச்சரிக்கை மிக வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. அணையினின்றும் நீர் திறக்கப்பெறுங்கால், வானம் தெளிந்திருப்பினும் காவிரி பெருகும். மழையில்லை என்று எண்ணி இறங்குவார்க்கு உயிர்க்கே ஊறு நேரும். துறையில் வாழ்வாரிடம் கேட்டறியும் ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் காக்கும்.

எனவே, குடமுழுக்குக் காண வரும் அன்பர்கள் நாணாது வினவுவார்களாக. ஊரவர் சலியாது விடை பகர்வார்களாக. நடை சாத்தும் பொழுது, குடிநீர் கிடைக்கும் இடம், இறங்கத் தகாத துறை ஆகிய இவற்றைச் சொல்லுதலும் திருத்தொண்டே. அறியாததை அறிந்தார்போற் கூறாமையும் அத்தொண்டின் பகுதியே.

திருப்பைஞ்ஞீலிக்குப் பசித்து நடந்த அப்பரடிகட்கு, இறைவனே அந்தணராய் எதிர்வந்து பொதிசோறு அளித்து, உடன் நடந்து வழித்துணையானான். வழிப்போக்கருக்கு நல்வழி கூறும் நாவில் நின்று பேசுவோன் யாவன் என்பதை அவ்வரலாறு உணர்த்தும்.

திருச்சிற்றம்பலம்.