அன்னத்துக்கு வண்ணம் வேண்டாம்



தமயந்தியிடம் அன்னம் தூது வந்த கதை நாம் அறிந்ததே. அக்காட்சியை இராஜா இரவிவர்மா 1899இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கியதால், அவருடைய ஓவியங்கள் மலிவான அச்சுப் படங்களாகி எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்தன. இந்தப் படத்தைப் பார்த்தே நம் பிள்ளைகள் நீர்வண்ணம் பழகலாம்.

முகத்தில் தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை. வேண்டாம். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, சுவரிலுள்ள படத்தில் தமயந்தியின் தொண்டைக்குழிக்கு நேராகத் தொங்கவிடுவோம். உடலின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, தோள் எப்பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் அந்த நூலை வைத்தே தெரியும். நிலை சரியானால், முகம் சுமாராக அமைந்தாலும் தமயந்தி நிற்பாள்.

சிவப்புச் சேலைக்கு முதலில் நீர்த்த சிவப்பு. நன்றாகக் காய்ந்தபின் மடிப்புகளில் மட்டும் அடர்த்தி. ஈரத்தில் தேய்த்தால் சேறாகிவிடும். மழை நாளில் காய நேரமாகும். அதுவரை தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும், கை சும்மா இராது! பள்ளிக்கூட வண்ணக்கட்டியே போதும். காசைத் தடித்த தாளுக்குச் செலவிடுவோம். மெல்லிய தாள் நனைந்தால் சுருளும்.

எண்ணெய் ஓவியர் வெள்ளையைக் கடைசியில்கூட மேலே பூசலாம். நீர்வண்ணத்தில் நமக்கு வெள்ளை என்பது தாள்தான். ஆகவே அன்னத்தைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள நிழலைத் தீட்டுவோம். கழுத்தோரம் மட்டும் சிறிது வெளிர்நீலம். அன்னம் தானே எழுந்து வரும்.

பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, "அன்னத்தை ஏன் தீட்டாமல் விட்டாய்?" என்று மட்டும் நாம் கேட்டுவிட வேண்டாம்.