தேடாமல் கிடைக்கும் பாட்டு



'வானொலிக்குப் பழைய பாடல்கள் தேவையா?' என்பது இன்றைய கேள்வி. எதிரணியினர் நன்றாகவே வாதாடினார்கள். கைப்பேசியைத் தொட்டால் எம்.எஸ்.வி. வருகிறார், இளையராஜா வருகிறார். பிறகு வானொலி எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்குப் பழைய கதை ஒன்று பதில் சொல்கிறது. 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதைக் குறைத்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? பாட்டை விடவில்லை, வானொலியின் முள்ளைத் திருப்பினார்கள். அங்கே இலங்கை வானொலி காத்திருந்தது. கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கி, அரசே சினிமாப் பாட்டுக்கு வழிவிட்டது.

இலங்கை வானொலி அப்படி என்ன செய்தது? வெறுமனே பாட்டைச் சுழல விடவில்லை. படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர்கள் அழகு தமிழில் சொன்னார்கள். பாட்டோடு சேர்ந்து தமிழும் வீட்டுக்குள் வந்தது.

இப்போது பூன் லேக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் ஜூரோங் வட்டாரம் சதுப்பு நிலமும் காடுமாகக் கிடந்தது. தொழிற்சாலைகள் எழுந்தன, அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990-இல் பூன் லேக்கு எம்.ஆர்.டி. ரயிலும் வந்தது. இன்று அங்கே மாடி வீட்டில் பாட்டி இருக்கிறார், பள்ளிக்குப் போகும் பேரன் இருக்கிறான். ஞாயிறு வந்தால் தேக்காவுக்கு ரயிலேறும் தமிழ்நாட்டுத் தொழிலாளி இருக்கிறார். ஆங்கிலப் பழைய பாடல்களுக்கென்று சிங்கப்பூரில் 'கோல்டு 905' தனியாக உண்டு. தமிழுக்கு இருப்பதோ 'ஒலி 96.8' என்ற ஒரே பண்பலை. மூன்று பேருக்கும் அது ஒன்றேதான்!

இதில் என்ன ஆபத்து? கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2000-இல் ஏறத்தாழ 43 விழுக்காடு. 2020-இல் ஏறத்தாழ 29. பிறமொழி இந்தியர்கள் குடிவந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் அதே காலத்தில் ஆங்கிலம் சுமார் 36-லிருந்து 59-க்கு ஏறிவிட்டது.

கைப்பேசி கேட்டதைத்தான் கொடுக்கும். பெயரே தெரியாத பாட்டைப் பேரன் எப்படித் தேடுவான்? கேட்காததையும் கொடுப்பதுதான் வானொலி. 1979-இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. எம்.எஸ்.வி. இசை, கண்ணதாசன் பாடல்கள். காரில் போகும்போது அதில் ஒன்று ஒலித்தால், "அப்போது ஊர் எப்படி இருந்தது பாட்டி?" என்று பேரன் கேட்பான். அன்று எம்.ஆர்.டி.யே கிடையாது என்று பாட்டி தொடங்குவார். அந்தப் பேச்சு தமிழில் நடக்கும் அல்லவா?

அதற்காக நாள் முழுவதும் பழசே போடச் சொல்லவில்லை. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜாவும் புதியவர்தான். புதுப் பாட்டுக்கு இடம் கொடுக்காத நிலையம் நாளைக்குப் பழைய பாட்டு இல்லாமல் நிற்கும்.

கோரிக்கை இரண்டுதான். பழைய பாடல்களை ஊர் உறங்கிய பிறகு மட்டும் ஒலிக்க விடாதீர்கள். பாட்டியும் பேரனும் சேர்ந்திருக்கும் வேளையிலும் ஒலிக்கட்டும். பாட்டுக்கு முன்னால், எழுதியவர் பெயரை ஒரு வரி சொல்லுங்கள். கண்ணதாசன் யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், அந்த ஒரு வரி வேலை செய்துவிட்டது.

தீர்ப்பு நடுவர் கையில்.