தபால் தலைக்கு ஏற்ற இடுக்கி

பெங்களூர் ராஜபவன் சாலையிலுள்ள தலைமைத் தபால் நிலையத்தில் தபால் தலை சேகரிப்போர்க்கென ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கே புதுத் தலைகளை ஆவலோடு வாங்கும் நம்மிற் பலர், வீடு சேர்ந்ததும் அவற்றை வெறும் விரலால் எடுத்து ஆல்பத்தில் வைத்துவிடுகிறோம். விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் சென்றபின் கறையாகத் தோன்றக்கூடும். பின்புறப் பசையிற் பதிந்த கைரேகையோ எளிதில் நீங்குவதில்லை.

1948 ஆகஸ்டு 15-ஆம் நாள் காந்தியடிகளின் உருவந் தாங்கிய நான்கு தலைகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று நம் தந்தையார் விட்டுச் சென்ற பெட்டியில் இருக்குமாயின், தொடுமுன் இடுக்கியைத் தேடுவதே முறை.

எத்தகைய இடுக்கி? முள் எடுப்பதும் புருவம் திருத்துவதும் ஆகா. அவற்றின் பற்களும் கூரிய விளிம்பும் தாளைக் கீறிவிடும். துருவேறா எஃகினால் ஆகி, உட்புறம் வழவழப்பாக இருத்தல் வேண்டும். கூர்முனை கைதேர்ந்தவர்க்கே உரியது. தொடங்குவோர்க்கு அகன்று வட்டமான முனையே நன்று. வாங்கும்போது முனைகளைச் சேர்த்து வெளிச்சத்திற் பாருங்கள். இடையே ஒளி கசியலாகாது. இலேசாக அழுத்தினாலே மூடவேண்டும். வில் கடினமாயின் கை அயர்ந்து தாள் கசங்கும்.

நீரில் ஊறிய தலையை இடுக்கியால் இழுக்காதீர்கள். ஈரத்தாள் எளிதிற் கிழியும். நம் ஊர் முத்திரை தெளிவாக விழுந்த பழைய உறையினின்று தலையைப் பிரிக்கவே வேண்டா. அவ்வுறையை முழுமையாகவே காப்போம். நாம் புறப்பட்டு வந்த ஊரின் பெயர் அதில் இருக்கிறது.