சொந்த முட்டை ஒன்றே வழியாகும்போது

 

எங்கள் கிழக்குக் கரையோர முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்த பிறகும் அவள் உம்மாவுடனேயே இருக்கிறாள். ஆகவே பிள்ளை இல்லையென்று கிளினிக்குக்கு வரும்போதும் உம்மாதான் கூட வருவார். “முட்டை கூடுறதுக்குக் குளிசை இருக்காமே டொக்டர்?” என்று முதலில் கேட்பவரும் அவரே. மாவடிப்பள்ளியில் இன்று நாம் கூடியிருப்பது அந்தக் கேள்விக்காகத்தான். சூலகத்தில் முட்டை குறைந்த பெண்ணுக்கு, சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு முன் ஹோர்மோன் கொடுப்பதால் பலன் உண்டா?

இக்கேள்வி இங்கே கூடுதல் கனமானது. 1980இல் எகிப்தில் வெளியான மார்க்கத் தீர்ப்பான ஃபத்வா, கணவன் மனைவிக்கிடையில் மட்டும் நடக்கும் சோதனைக்குழாய்க் கருக்கட்டலை அனுமதித்தது. மூன்றாம் ஆள் இடையில் வருவதை மறுத்தது. பிற இடங்களில் கடைசியாகச் சொல்லப்படும் தான முட்டை என்ற வழி எங்கள் பெண்களுக்கு இல்லை. அதனால் முட்டையை வளர்க்கும் என்று யார் எதைச் சொன்னாலும், நகையை ஈடுவைத்தாவது வாங்குகிறார்கள்.

முன்கூட்டியே ஹோர்மோன் கொடுக்கும் எண்ணம் அடிப்படையில் பிழையல்ல. முட்டையைத் தாங்கும் ஒரு சூலகப் புடைப்பு வளர்ந்து முதிர ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். நாங்கள் ஊசி போடும் பத்துப் பன்னிரண்டு நாள் அதன் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முந்திய வாரங்களில் ஆண்ட்ரோஜன் கிடைத்தால் புடைப்பின் கலங்களில், அதை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஹோர்மோனுக்கான ஏற்பிகள் கூடும், ஊசிக்குச் சூலகம் நன்றாக இணங்கும் என்பதே கருத்து. 2000இல் காசனும் சகாக்களும் ஐந்து பெண்களுக்கு டிஎச்இஏ என்ற ஆண்ட்ரோஜன் குளிசையைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார்கள். ஐந்தே பேர்! அதன் பிறகு அந்தக் குளிசை உலகெங்கும் பரவியது.

2024இன் கொக்ரேன் மீளாய்வு, டிஎச்இஏ கொடுப்பதால் உயிருள்ள பிறப்புகளில் பெரிய வேறுபாடு இராது என்றது. டெஸ்டோஸ்டிரோன் உதவக்கூடும் என்றது. ஆனால் ஐரோப்பாவில் நடந்த டி-ட்ரான்ஸ்போர்ட் பரிசோதனையில், ஏறத்தாழ ஒன்பது வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியும் கர்ப்பங்கள் கூடவில்லை. விலை மிகுந்த வளர்ச்சி ஹோர்மோனும் அப்படித்தான். 2019இல் வெளிவந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 14.5 வீதத்தினருக்கும், பெறாதவர்களில் 13.7 வீதத்தினருக்கும் பிள்ளை பிறந்தது.

ஆகவே நான் டிஎச்இஏ எழுதிக்கொடுப்பதில்லை. முகப்பரு, முடி வளர்தல் போன்ற பக்கவிளைவுகளைவிட, நாற்பதை எட்டும் பெண்ணிடமிருந்து அது எடுத்துக்கொள்ளும் மூன்று மாதமே எனக்குப் பெரிய கவலை. முப்பத்தைந்தைத் தாண்டியவரைச் சிகிச்சைக்கு அனுப்பாமல் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க விடாதீர்கள். சூலகத்திலுள்ள சொக்லேட் கட்டியை வெட்டினாலும் முட்டை குறையலாம்; ஆகவே வெட்டுமுன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் அளவைப் பாருங்கள். வெட்டிய பிறகு பார்த்து வருந்துகிறோம்.

இங்குள்ள வைத்தியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் குளிசைகளை எழுதிய கொப்பிகள் உங்களிடம் இருக்கும். பெயர்களை மறைத்து, வயது, ஏஎம்எச், கிடைத்த முட்டைகள், பிறந்த பிள்ளைகள் ஆகிய நான்கையும் பிற்பகல் அமர்வுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளை கிடைக்காதவர்களின் பக்கங்களையும் சேர்த்தே கொண்டுவாருங்கள்.